லேபிள் கத்தரிக்காத சேலை

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பேப்பரைப் பிரித்தால் செய்தியையே காணோம். முதல் நாலு பக்கமும் தள்ளுபடி. ஒன்று எடுத்தால் ஒன்று இலவசமாம். எடுத்த ஒன்றையே வைக்க இடமில்லாதவள் இலவசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

இன்றைக்கு ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன். அதை எழுதி வைக்கத்தான் இந்த நோட்டு. நோட்டும் புதிதல்ல. டெலிபோன் ஆபீசில் இருந்தபோது யாரோ கொடுத்த பழைய டைரி. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போட்டிருக்கிறேன். தீர்மானம் இதுதான்: அடுத்த ஆடி வரை உடுத்துகிற சாமான் எதுவும் புதிதாக வாங்க மாட்டேன். சேலை, ரவிக்கைத் துணி, உள்பாவாடை, கைக்குட்டை, ஒன்றும் கிடையாது. அதிலும் அந்த அஞ்சு மாடி ஜவுளிக் கடைக்குள் காலே வைக்கப் போவதில்லை.

காரணம்? பீரோ மூடவில்லை, அதுதான் காரணம். காலையில் நானும் இவருமாக முதுகைக் கொடுத்துத் தள்ளியும் கதவு சேரவில்லை. எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு சேலை. மகள் சிந்துஜா கல்யாணத்துக்கென்று வைகாசியில் எடுத்தது மட்டும் ஒன்பது. நாளைக்கு ஒன்றாக உடுத்தினாலும் முதல் சேலைக்குத் திரும்பி வர ஏழு மாதம் ஆகும். எனக்கே வெட்கமாக இருந்தது.

இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "நீயா? ஆவுடை, ஆவணி பொறக்குமுன்ன நீ கடை வாசல்ல நிக்கலன்னா நான் மீசைய எடுத்துருதேன்." எடுக்கட்டும். அந்த மீசையும் ஒன்றும் பார்க்கிற மாதிரி இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சிந்துஜாவும் மாப்பிள்ளையும் ஆடி அழைப்புக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்தார்கள். அவியல், உளுந்தவடை, தேங்காய்ப்பால் பாயசம். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, என் அம்மா எனக்குக் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று. துணி வைக்கவில்லை.

மாப்பிள்ளை ஒன்றும் கவனிக்கவில்லை, பாயசத்தைத்தான் கவனித்தார். என் மகள் அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒரு வேட்டி சட்டை வைக்கதுக்கு என்னம்மா வந்துச்சு உனக்கு?"

"வாங்குததில்லன்னு முடிவு பண்ணிருக்கேன்ட்டி. எத்தனை வேட்டி மடிப்புப் பிரியாம கெடக்கு அவருட்ட!"

"அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியுமா? நான் போய் எறங்கினதும் தாம்பாளத்தத்தான் பாப்பாவ. உன் விரதத்த எந்தலைல வைக்காத. தலை தீபாவளிக்கும் இப்படித்தான்னா இப்பவே சொல்லிரு, நாங்க வரல."

போகும்போது கட்டிப்பிடித்துக்கொண்டுதான் போனாள். ஆனாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

இவர் மீசை பத்திரமாக இருக்கிறது, நானும் பத்திரமாக இருக்கிறேன். பன்னிரண்டு நாள். ரவிக்கை இரண்டைப் பிரித்து அகலப்படுத்தி வாங்கினேன். தையல்காரர் வியந்துபோனார். என் கையால் பழைய துணியை அவர் வாங்குவது இதுதான் முதல் தடவையாம்.

எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சர் காதுக்கு விஷயம் போய்விட்டது. இவர்தான் நடைப்பயிற்சியில் உளறியிருப்பார். டீச்சர் தெருப் பெண்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருக்கிறாள். பழைய சேலையில் பை தைத்து மார்க்கெட்டில் கொடுக்கிறார்கள். "எக்கா, நீங்க சொன்னாத்தான் எடுபடும். எங்கள மாதிரி ரெண்டு சேலை வச்சிருக்கவ சொல்லி என்ன புண்ணியம்?" என்றாள். பாராட்டா குத்தலா என்று இன்னும் தெரியவில்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "பை தைக்க புதுசா ஒரு ஆளு வந்திருக்கா. உங்களுக்குத் தெரியும்னா. அஞ்சு மாடிக் கடைல பட்டுப் பிரிவுல நின்னாள்ளா, முப்பிடாதி? அவளத்தான். வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாம். விக்கதுக்கு வச்சிருந்த பட்ட மேல போட்டுக் கறையாக்கிட்டான்னு."

அப்படியா என்றேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் குழம்பே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றுக்குப் போகவில்லை.

முப்பிடாதியைப் பற்றி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த நோட்டு எதற்கு? பதினோரு வருஷமாக எனக்குச் சேலை எடுத்துப் போட்டவள். நாற்பது வயசு இருக்கும். நான் படி ஏறும்போதே என் நிறத்தில் நாலு எடுத்து மேசையில் வைத்திருப்பாள். எது எடுபடும் என்று தெரிய, சேலையைத் தன் தோளில் போட்டு முந்தியை விரித்துக் காட்டுவாள். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் காட்டுவார்கள். காட்டச் சொல்லி உத்தரவு.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணத்துக்கு அந்த ஒன்பதோடு சேர்த்து எடுத்த அரக்குச் சிவப்புப் பட்டில் முந்திப் பக்கம் சந்தனக் கறை இருந்தது. கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். கறை இருந்தது உண்மை. திருப்பிக் கொடுத்தது உண்மை. கடைக்காரர்கள் தங்கள் ஆளை என்ன செய்தார்கள் என்பது அவர்கள் பாடு.

பட்டுப் பிரிவு மேனேஜர் சம்பந்தி அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. அதனால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். இதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கல்யாண போட்டோக்காரப் பையன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வேண்டும், தீபாவளிக்கு முன் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவானாம்.

முதல் நாள் சாயங்கால வரவேற்புப் படங்களை ஓட்டினான். இது வேண்டாம், இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்றேன்.

"எம்மா, இதுலதான் நீங்க சூப்பரா இருக்கிய. அந்தச் செவப்புப் பட்டு லைட்டுக்கு அப்படி எடுத்துக் குடுக்கு."

"குண்டாத் தெரியுதேன். எடுத்துரு."

"இருபத்து மூணு படம்மா! பொண்ணுக்கு நீங்க மாலை எடுத்துக் குடுக்குத படத்துல உங்கள எடுத்தா மாலை அந்தரத்துல நிக்கும்!"

நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு படத்தில் மாத்திரம் என்னை வெட்டியும் என் கை நின்றுவிட்டது. கை பரவாயில்லை, சேலை தெரியவில்லை.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்காமல் இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

மிக்சி ரிப்பேர். புதிது எடுக்காமல் பிளேடு மாற்றி வாங்கினேன். குடைக்கு ஒரு கம்பி. செருப்புக்கு வார். ஐம்பது நாள் ஆகிறது. ஆவணி பிறந்து பாதி போய்விட்டது, இவர் மீசையை எடுக்கிற பேச்சையே காணோம். சாயங்காலம் கை துறுதுறுவென்று போனைத் தேடுகிறது, சேலைப் படம் பார்க்க. அதற்காகவே வெண்டைக்காய் நறுக்குகிறேன். தினம் வெண்டைக்காயா என்று கேட்கிறார்.

செப்டம்பர் 13, சனி

வாயிலில் மணி அடித்தது. ஜெசிந்தா டீச்சர் அனுப்பியதாக ஒருத்தி நின்றாள், கையில் சாக்கு. முப்பிடாதி.

"யக்கா, நல்லாருக்கியளா? பழைய சேலை தாரியன்னு டீச்சர் சொன்னாவ."

அவள் முகத்தில் ஒன்றுமில்லை. கோபமில்லை, சிரிப்புமில்லை. கடையில் இருக்கும்போது முகம் முழுக்கப் பவுடர், நெற்றியிலும் கழுத்திலும் கடை வாசலில் வைத்த சந்தனம், ரோஜாப்பூச் சீருடை. இப்போது வெறும் முகம். கறுத்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டு பீரோவைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் உறைத்தது. இருநூற்றுப் பதினாலையும் இவள் முன்னால் திறந்து போட்டிருக்கிறேன்.

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க அவள் தரையில் உட்கார்ந்து மடித்தாள். கை பறந்தது. மடித்துக்கொண்டே பேசினாள்.

"இது நம்ம கடை. உங்க நாத்தனா வீட்டு வளைகாப்புக்கு எடுத்திய. இதுவும் நான் எடுத்துப் போட்டதுதான், வேண்டாம் வேண்டாம்னியளே, நாந்தான் கட்டாயப்படுத்தினேன். யக்கா, இத உடுத்தவே இல்லியே! நூல் கூடப் பிரிக்கல."

"எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"பட்டெல்லாம் பை தைக்க ஆகாது. கிழிக்க மனசு வராது." இன்னொன்றை எடுத்து மடித்தாள். "உக்காந்து மடிக்கது சொகமாத்தான் இருக்கு. அங்க பதினோரு வருசம் நின்னுட்டேன். கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு."

காபி கொடுத்தேன். நானும் தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். "இப்ப வேலைக்கு என்ன செய்யுத?"

"பை தைக்கேன், வேறென்ன? தீபாவளிக்கு எல்லாக் கடையிலயும் ஆளு எடுக்காங்க. நாலு கடைல கேட்டுட்டேன். பழைய கடைக்குப் போன் போடுதாங்க. அங்க சரக்கக் கறையாக்குன ஆளுன்னு சொல்லுதாங்க. அப்புறம் யாரு எடுப்பா? இந்தத் தொழில் விட்டா எனக்கு வேற தெரியாது. மூத்தவ நர்சிங் சேந்திருக்கா." காபித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "அக்டோபர் பதினஞ்சு வரைக்கும் எடுப்பாங்க. பாப்போம்" என்றாள்.

அறுபத்தி மூன்று சேலை கொண்டுபோனாள். வாசல்வரை போய் வழியனுப்பினேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சமைக்கவில்லை. ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார்.

எழுதிவிடுகிறேன். அந்தப் பட்டை நான் உடுத்தினேன். வரவேற்புக்கு, மாலை ஆறு முதல் பத்து வரை. விலைச் சீட்டைக் கத்தரிக்காமல் உள்பக்கம் மடித்து ஊக்கு குத்தி, இடுப்பில் செருகிக்கொண்டு. கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுக்கும்போதே நினைத்திருந்தேன். எட்டு வீட்டில் நாலு வீட்டில் இதைச் செய்கிறார்கள், எனக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது? சந்தனக் கும்பாவில் முந்தி விழுந்தது. அவ்வளவுதான்.

கடையில் மேனேஜர் கேட்டார், "சேலைல ஏற்கெனவே கறை இருந்துச்சா மதினி?" ஆமாம் என்றேன். முப்பிடாதியைக் கூப்பிட்டார். "இத மேல போட்டுக் காட்டினியா?" காட்டினேன் சார் என்றாள். "கழுத்துல சந்தனம் இருந்துச்சா?" தினமும் வாசல்ல வைக்காங்கல்லா சார் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பொம்மையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கடைக்குள் போக முடியவில்லை. அதைத்தான் விரதம் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

சம்பந்தி அம்மா போன். குரல் எப்போதும்போல் வெல்லம்.

"மதினி, தலை தீபாவளிக்கு எல்லாத்துக்கும் நம்ம தம்பி கடைலயே எடுத்துருவோம். நீங்க ஒரு நாள் வாங்க, சேந்து போவோம். ஆடிக்குத்தான் என்னமோ விரதம்னு சிந்து சொன்னா. தீபாவளிக்கும் விரதம் இருக்கக் கூடாது பாத்துக்கிடுங்க, பிள்ளைகளுக்கு ஆகாது."

பதினஞ்சாம் தேதிக்கு முன்னால் சொல்கிறேன் என்றேன். ஏன் அந்தத் தேதி வாயில் வந்தது?

அக்டோபர் 2, வியாழன்

சமுதாயக் கூடத்தில் ஜெசிந்தா டீச்சரின் கூட்டம். "தேவைக்கு வாங்குவோம்" என்று பழைய வேட்டியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நாற்பது பெண்கள். என்னை மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று சொன்னார்கள். ஒரு சேலைக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாயம், நெய்தவனுக்கு என்ன போகிறது, நின்று விற்பவளுக்கு என்ன போகிறது. அந்தக் கடைசி வார்த்தை எழுதி வைத்ததல்ல, தானாக வந்தது. மூன்றாவது வரிசையில் தைத்த பைகளை மடியில் வைத்துக்கொண்டு முப்பிடாதி இருந்தாள்.

முடிந்ததும் ஒரு சின்னப் பெண் எழுந்து கேட்டாள். "எதனால இந்த முடிவுக்கு வந்திய மேடம்?"

வாய் திறந்தேன். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். "பீரோ மூடல" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. கைதட்டல். முப்பிடாதியும் தட்டினாள், இரண்டு தட்டு, கூட்டத்தோடு கூட்டமாக.

இறங்கி வந்தபோது டீச்சரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் சரி என்றார்களாம், சீருடைக்கு அளவெல்லாம் எடுத்தார்களாம். பிறகு போன் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள். "பரவால்ல டீச்சர், இன்னும் பதிமூணு நாளு கெடக்கு" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். நன்றாகப் பேசியதால் உணர்ச்சிவசப்பட்டேன் என்று ஆட்டோக்காரர் நினைத்துக்கொண்டார், அவர் பெண்டாட்டியும் வந்திருந்தாளாம்.

அக்டோபர் 4, சனி

இவரிடம் சொன்னேன். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது, முப்பது வருஷம் ஆன பிறகும்.

"எனக்குத் தெரியும். போட்டோக்காரன் வந்தன்னைக்கே தெரியும்" என்றார். பிறகு, "என்ன செய்யப் போற?"

"கடைல போய்ச் சொல்லப் போறேன்."

"யாருகிட்ட? சம்பந்தி தம்பிகிட்ட. அவன் அன்னைக்கே அக்காகிட்டச் சொல்லுவான். கல்யாணத்துக்கு உடுத்துன சேலையத் திருப்பிக் குடுத்தவ மகள்னு நம்ம பிள்ளை காலம்பூரா கேக்கணும். யோசிச்சியா? அந்தப் பொம்பளைக்கு வேற வழில செஞ்சிருவோம். மக படிப்புக்கு நான் ஏதாவது பாக்கேன்."

"அவளுக்குத் தர்மம் வேண்டாங்க. அவ பேரு வேணும்."

அவர் எழுந்து போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார். நேற்றுத்தான் மழை பெய்திருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

போகவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

படி வரை போய்த் திரும்பிவிட்டேன். வாசலில் சந்தனம் வைக்கிற பெண் கிண்ணத்தை நீட்டினாள். என் கை தானாக முந்தியை இழுத்துப் பிடித்தது.

அக்டோபர் 8, புதன்

போனேன்.

தீபாவளிக் கூட்டம். லிப்டில் இடமில்லை, நாலு மாடி ஏறினேன். பட்டுப் பிரிவில் மேசைக்கு மேசை ஆள். முப்பிடாதி நின்ற இடத்தில் வேறொருத்தி நின்று நீலப் பட்டைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "வாங்க மதினி! தலை தீபாவளிக்கா? அக்கா வரலியா? ஏ, நாற்காலி போடுங்க!"

நாற்காலி வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். அந்த அரக்குச் சிவப்பை உடுத்தினது நான், கறையாக்கினது நான், முப்பிடாதி மேல் ஒரு தப்பும் கிடையாது. மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் என் குரல் டெலிபோன் ஆபீஸ் குரல், பக்கத்து மேசைகள் நாலும் திரும்பின.

அவர் என்னை ஓரமாக, துணி உருளைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமே இல்லை.

"மதினி, இது எங்களுக்குத் தெரியாதா? ரிட்டன் வார பட்டுல பாதி உடுத்துனதுதான். கஸ்டமர்ட்டக் கேக்க முடியுமா? ஆனா ரிட்டன் நோட்டுல 'யாரால்'னு ஒரு கட்டம் போட்டிருக்கு. அத நான் நிரப்பியாகணும். கஸ்டமர் பேர எழுதக் கூடாதுன்னு மேல உத்தரவு. அப்ப யாரு பேர எழுத?"

"எம்பேர எழுதுங்க" என்றேன்.

"அது முடியாது மதினி."

"அப்ப நானே எழுதித் தாரேன்." பையில் இருந்து தாளை எடுத்து, அங்கேயே ஒரு துணி உருளை மேல் வைத்து இரண்டு பிரதி எழுதினேன். நடந்தது, தேதி, என் பெயர், விலாசம், கையெழுத்து. இன்னொன்றில் பெற்றுக்கொண்டோம் என்று கடை முத்திரை வேண்டும் என்றேன். முடியாது என்றார். முத்திரை இல்லாமல் இந்த மாடியை விட்டு இறங்க மாட்டேன், வருகிற ஒவ்வொரு கஸ்டமரிடமும் இதையே சொல்லிக்கொண்டு நிற்பேன் என்றேன். என் வாயைப் பற்றி அவருக்கு அக்கா சொல்லியிருப்பாள். முத்திரை குத்தினார்.

"அக்காகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க தம்பி."

இறங்கும்போது நீலப் பட்டுக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்டமர் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

சிந்துஜா போன். அரை நிமிஷம்.

"எனக்குக் கூடச் சொல்லாம ஏம்மா போன? அத்தை இன்னைக்கு என்கிட்டப் பேசவே இல்ல. உங்க வீட்டுல எல்லாருமே இப்படியான்னு இவரு கேக்காரு. நான் என்ன பதில் சொல்ல? தீபாவளி இங்கயே. வரல நாங்க."

வைத்துவிட்டாள். பத்து மாதம் சுமந்த பிள்ளை. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் போகாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

அக்டோபர் 11, சனி

முப்பிடாதி வீட்டை விசாரித்துப் போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை, தையல் மிஷினைச் சுற்றி என் சேலைகள் பைகளாகக் குவிந்து கிடந்தன. முத்திரை போட்ட தாளைக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன். மன்னிச்சிரு என்ற வார்த்தை வாயில் வரும்போது அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. தாளை இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா."

"எப்படி?"

"கொசுவம் வச்ச தடம் இஸ்திரி போட்டாலும் போவாது. கையில வாங்குனதும் தெரிஞ்சுட்டு."

"பின்ன ஏன் சொல்லல?"

"கஸ்டமரப் பொய் சொல்லுதாங்கன்னு சொல்லக் கூடாது. சேந்த அன்னைக்கு அதத்தான் முதல்ல சொல்லிக் குடுப்பாங்க. சிரிக்கணும், நிக்கணும், எதுத்துச் சொல்லக் கூடாது." தாளை மடித்தாள், சேலை மடிக்கிற மாதிரி ஓரம் சேர்த்து. "நீங்க சொல்லுவியன்னு நின்னேன். பதினோரு வருசப் பழக்கம்லா? இந்தா சொல்லிருவாவ, இப்ப சொல்லிருவாவன்னு நின்னேன். உங்க வீட்டுக்குச் சேலை வாங்க வந்தன்னைக்கும் அதுக்குத்தான் வந்தேன். டீச்சர் அனுப்பல, நானாத்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"திங்கக்கெழம ஜங்ஷன் கடைல போய்க் காட்டுதேன். எடுத்தா எடுக்கட்டும்." வாசல்வரை வந்தாள். நான் செருப்பு மாட்டும்போது சொன்னாள். "யக்கா, ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்கிடாதிய. இடையில நான் பருத்திப் பிரிவுக்குப் போயிருந்தப்ப அந்த மேசைல வேற பிள்ளைங்க நின்னாங்கல்லா. அவங்கட்ட நீங்க எதையும் திருப்பிக் குடுத்திருக்கியளா?"

இல்லை என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜங்ஷன் கடையில் முப்பிடாதியை எடுத்துக்கொண்டார்களாம். டீச்சர் வந்து சொன்னாள். இன்றே நிற்கப் போய்விட்டாளாம். நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பழைய சேலை ஒன்றில் மஞ்சள் வைத்து உடுத்திக்கொண்டேன். இவர் நாலு வருஷத்துக்கு முந்தைய வேட்டி. இரண்டு இலை போட்டேன். நாலு இலை போட்டிருக்க வேண்டிய நாள். அதிரசம் யாருக்குச் சுட்டேன் என்று தெரியவில்லை, டப்பா நிறைய இருக்கிறது.

பத்து மணிக்குப் போன் அடித்தது. சிந்துஜா. பின்னால் வெடிச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

"அம்மா."

"சொல்லுட்டி."

"காலேஜ் கடைசி வருசம் பிரிவு விழாவுக்கு நான் ஒரு எலுமிச்சப் பச்சப் பட்டு உடுத்தினேன்லா?"

"ஆமா" என்றேன்.

"அன்னைக்கு நீ என் இடுப்புல ஊக்கு குத்துன. லேபிள் வெளிய தெரியுதான்னு பத்து தடவை பாத்த. மறுநாள் சேலையக் காணோம். நான் கேக்கவே இல்ல. எனக்குத் தெரியும், ஆனா கேக்கல." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு நாளா அதேதான் ஓடுது. அந்த மேசைல அப்ப நின்னது யாரும்மா?"

"முப்பிடாதி அப்ப பருத்திப் பிரிவுக்கு மாறியிருந்தா. வேற ஒரு பிள்ளை. மூக்குத்தி போட்டிருப்பா. பேரு தெரியாது."

"பேரு கூடத் தெரியாதா?"

"தெரியாதுட்டி."

பிறகு, "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாரேன்" என்றாள். "நான் மட்டும். ரெண்டு பேருமாப் போயி முப்பிடாதியக்காட்டக் கேப்போம். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."